கலர் இல்லாத கழிவு

பிள்ளைகளே, நம் மாடியில் மண்ணில்லாமல் குழாயில் கீரை வளர்க்கிறோம் அல்லவா? அதற்கு உரம் கரைத்து விடும் தண்ணீரை மாற்றும்போதெல்லாம், பழையதை வீட்டுக்குப் பின்னால் உள்ள குட்டையில்தான் கொட்டிவந்தேன். பட்டுக்குச் சாயம் போடும் ஊரில் பிறந்தவன் நான். சிவப்பாகவோ நீலமாகவோ இருந்தால்தான் அது எனக்குக் கழிவு. இதில் கலரே இல்லையே!

பங்குனி வெயிலில் குட்டையைக் கூழ் மாதிரி பச்சைப் பாசி மூடியது. மீன்கள் வயிறு ஊதி மிதந்தன. அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. அங்கே தண்ணீர் குடிக்க ஆடுகளை ஓட்டிவந்த பக்கத்து வீட்டு மேரி அக்கா, குட்டைக்கு அந்தப் பக்கம் இருக்கும் சாயப்பட்டறைக்காரரின் கழிவுதான் என்று நினைத்து, அவரிடம் சண்டைக்குப் போனார். நானும் கூடவே போய், "ஆமாங்க்கா, இவரு வேலதான்" என்றேன்.

பட்டறைக்காரர் எங்களைக் குட்டைக்கே கூட்டிவந்து, ஒரு குச்சியால் பாசியைத் தூக்கிக் காட்டினார். "சாயம்னா கலரு காட்டுங்க. இது உரத்தத் தின்னு கொழுத்துகினு கீது. இங்க யாரு வூட்ல உரம் கரைக்கிறாங்க?"

அக்கா நம் மாடியை அண்ணாந்து பார்த்தார். "தூ! கீரை வளக்கிற மூஞ்சியப் பாரு. என் ஆடுங்க செத்திருந்தா என்னய்யா பண்ணுவ?"

இருவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். ஆனாலும் நான் சொன்ன அந்த "ஆமாங்க்கா"வை நினைத்தால் இன்றும் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. இப்போது பழைய தண்ணீரில் நிறைய நல்ல தண்ணீர் கலந்து, தினம் ஒரு மரத்தடியில் மண் குடிக்கிற அளவுக்கு மட்டும் ஊற்றுகிறேன்.

மன்னிப்புக் கேட்ட மறுநாள் நீங்கள் பள்ளிக்குப் போனபின், தனியாகக் குட்டையில் இறங்கி, செத்த மீன்களைக் கையாலேயே அள்ளிப் புதைத்தேன்.