மீட்டர் கெட்டிருக்கணும் மாதாவே

மீட்டரு கெட்டுப்போவோணும்னு மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்துன மனுசனை எங்கியாச்சும் பாத்திருக்கீங்களா? மண்ணரைங்கற ஊருல ஆரோக்கியராஜ் ஏத்துனான்.

தூத்துக்குடிப் பக்கமிருந்து பொழைக்க வந்தவன். பனியன் கம்பெனி மொதலாளி அர்த்தநாரிகிட்ட டிரைவர். வேன் கீன் ஓட்டறவனில்ல. மொதலாளியோட அப்பன் ஊட்டியில ஒரு எஸ்டேட்டுக்காரங்கிட்ட வாங்குன பழைய வெள்ளைக்காரங் காருக்கு மட்டும் டிரைவர். துணி வாங்க வர்ற சீமைக்காரனை அதுல ஏத்திட்டு வந்தா வாயைப் பொளந்துட்டு ஆர்டர் குடுக்கறானாம். அந்த ஆட்டத்துக்கு ஒரு காரு, காருக்கு ஒரு ஆளு. ஆளுக்கு அறுவது நெருங்கிப்போச்சு, ஒரு கண்ணுல பொரை வேற. காரு போச்சுன்னா இவனை நாயும் சீண்டாது. அவனுக்கே தெரியும்.

காருல ஆயில் சூட்டைக் காட்டற மீட்டரு ஒண்ணு. ஒரு வாரமா அதுல முள்ளு செவப்புல போயி ஒட்டிக்குது. மொதலாளி பாத்துட்டாரு.

"மீட்டர் போயிருந்தா வேற வாங்கிப் போடலாமுங்க ஆரோக்கியம். எஞ்சினு போயிருந்தா எனக்கு வேண்டாமுங்க. பழைய இரும்புக்குப் போட்டர்லாமுங்க."

இந்த ஊருல கழுத்தை அறுக்கறவங்கூட 'ங்க' போட்டுத்தான் அறுப்பான்.

அப்பறம்தான் மெழுகுவத்தி. அப்பறம் குன்னத்தூர்க்காரன் நாச்சிமுத்தோட ஒர்க்ஷாப்பு.

நாச்சிமுத்து காருக்கடியில படுத்து, ஆயில் தொட்டியில மாட்டியிருக்கற சென்சாரோட ஒயரைக் கழட்டுனான். "சாவியைத் திருப்புங்ணா." முள்ளு அடியில கெடந்துது. அதே ஒயரைக் காரு இரும்புல வெச்சான். முள்ளு சடார்னு செவப்புக்கு ஓடுச்சு.

"மீட்டரும் ஒயரும் நல்லாருக்குதுங்ணா."

"நல்லாப் பாரும் வே. ஏதாவது ஒண்ணு கெட்டிருக்கும்."

"நல்லாருக்குதுன்னா எல்லாரும் சிரிப்பாங்க. நீங்க எழவு உழுந்த மாதிரி நிக்கறீங்க."

"அப்போ சென்சாரு கெட்டிருக்கும்லா?"

"இருக்கலாமுங்க."

அந்த ஒத்தை வார்த்தையில மனுசனுக்கு உசுரு திரும்பி வந்துது. ஆயிலைச் சட்டியில புடிச்சு ஓரமா வெச்சுட்டு சென்சாரைக் கழட்டுனாங்க. பக்கத்துச் சாயப்பட்டறையில தண்ணிச்சூடு பாக்கற தெர்மாமீட்டரை இரவல் வாங்கியாந்து, ஸ்டவ்வுல போசிப் பாத்திரத்துல தண்ணியைக் காய வெச்சு, சென்சாரையும் அதையும் ஒண்ணா உட்டாங்க. சென்சாருக்கு ஒயரைச் சேத்து, இன்னொரு ஒயரை அதுலருந்து காரு இரும்புக்கு இழுத்து உட்டாச்சு. ஆரோக்கியராஜ் சீட்டுல உக்காந்து முள்ளைப் படிக்கோணும்.

"இங்க அறுவதுங்ணா. அங்க?"

"அறுவது."

"எம்பதுங்ணா."

"எம்பதுதான்"னு மொனகுனான்.

தண்ணி தளதளன்னு கொதிச்சுது. "நூறுங்ணா."

"நூத்தி இருவது வே! நூத்தி இருவது காட்டுது! நாந்தான் சொன்னம்லா!"

நாச்சிமுத்து எந்திரிச்சு வந்து தலையை உள்ள உட்டுப் பாத்தான். முள்ளு நூறுல குத்துக்கல்லாட்டம் நின்னுது.

"எங்கிட்டப் பொய் சொல்லலாமுங்ணா. எஞ்சினுகிட்டச் சொல்ல முடியுமா?"

அப்பறம் ஆயில் சட்டியைக் கெளறுனான். நூல் நூலா, சோத்துல தலைமசுரு கெடக்கற மாதிரி பஞ்சு. ஆயில் உறிஞ்சற சல்லடையைக் கழட்டுனா, பஞ்சு வெள்ளெலியாட்டம் அப்பிக் கெடக்குது.

"ஏனுங்ணா, ஆயில் ஊத்தற மூடி எங்க?"

"அது தொலஞ்சு மாசக்கணக்காவுது. பனியன் வேஸ்ட்டைச் சுருட்டி அடைச்சு வச்சிருக்கேன்."

இந்த ஊருல பைப்பு ஒழுகுனாலும் பனியன் வேஸ்ட்டு, ஜன்னல் ஓட்டைக்கும் பனியன் வேஸ்ட்டு. இவனும் அடைச்சுப்போட்டான். நூல் பிரிஞ்சு உள்ள உழுந்து சல்லடையை மூட, ஆயில் ஏறாம எஞ்சினு வெந்து போச்சு. சட்டியடியில சரிகைத்தூளாட்டம் மினுக்குனது தேஞ்சு உதுந்த பேரிங்கு.

"இதுக்கு சாமான் கெடைக்காதுங்ணா. சீமையிலயே இல்ல."

ஆரோக்கியராஜ் சட்டியைக் காலால ஓரமாத் தள்ளுனான். "எல்லாத்தையும் மாட்டி, புது ஆயில ஊத்தும். அந்த ஒயரை மட்டும் கழட்டியே உடும். முள்ளு கீழ கெடக்கட்டும்."

நாச்சிமுத்து தலையில அடிச்சுக்கிட்டே அப்பிடியே செஞ்சு குடுத்தான்.

மொதலாளி முள்ளைப் பாத்தாரு, சிரிச்சாரு. "மீட்டருதான்னு நெனச்சனுங்க. சீமைக்காரனைக் கூட்டியாற சனிக்கெழமை கோயமுத்தூரு ஏர்போர்ட்டுக்கு எடுத்துருங்க. ஜெயபாரதியும் கூட வருது. வெரசாப் போலாமுங்க."

ஜெயபாரதி மொதலாளியோட மக. காலேசுப் புள்ள. லாரிக நடுவுல எஞ்சினு இறுகி நின்னா என்னாவும்னு இவன் கண்ணு முன்னால ஓடுச்சு.

"மொதலாளி, மீட்டரு நல்லாத்தான் இருக்கு. ஒயரை நாந்தான் கழட்டச் சொன்னேன். எஞ்சினு செத்துட்டு. மூடி இல்லாம துணிய அடைச்சவனும் நாந்தான்."

அர்த்தநாரி வையல, கத்தல. "சரிங்க. சாவியை மேசை மேல வெச்சுட்டுப் போங்க."

வைஞ்சிருந்தா ஒரு நாள் ஆறியிருக்கும். இது ஆறாது.

ஊட்டுல பொண்டாட்டி விஜயராணி கேட்டுட்டு இடுப்புல கைய வச்சா. "நெசத்தச் சொன்னதுக்கு மெடலா குடுத்தாவ?"

"அந்தப் புள்ளையும் வருதுன்னாவ ராணி."

"நம்ம வயிறும் கூடத்தான வருது. அத நெனச்சீரா?"

அவ டிபன் பாக்ஸைத் தூக்கிட்டு, பீஸ் செக் பண்ணற கம்பெனிக்கு ஓவர்டைம் பாக்கப் போயிட்டா. இவன் கெடந்த பாத்திரத்தையெல்லாம் வெளக்கிக் கவுத்துனான். அதுக்கப்பறம் செய்யறதுக்கு ஒண்ணுமில்ல.