யாரோ ஒருத்தருடைய தோட்டம்

கல்த்ரிக் ஒரு பையைத் தூக்கிப் பார்த்தே உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவார். சைக்கிளில் எங்கள் கடலோரத்தைச் சுற்றிப்பார்க்க வருகிறவர்களின் பைகளை வேனில் ஏற்றி அடுத்த ஊர் விடுதியில் சேர்ப்பது அவர் வேலை. நான் அதே நிறுவனத்தின் மெக்கானிக். கூட்டத்தின் கடைசி ஆளாக மிதித்துக்கொண்டு போவேன். பஞ்சர் ஒட்டுவேன், கழன்ற செயினை மாட்டுவேன், மேட்டில் மூச்சு வாங்குகிறவர்களுக்கு "இன்னும் கொஞ்சம்தான்" என்று பொய் சொல்வேன்.

இளவயதில் அவர் பிரான்ஸ் எல்லையில் இருக்கிற செர்பேர் ரயில் நிலையத்தில் சுங்கப் பரிசோதகர். ஸ்பெயினிலிருந்து வருகிற ஒவ்வொரு பெட்டியையும் திறந்து கிளறுவதற்கு அரசாங்கம் சம்பளம் கொடுத்தது. பிறகு எல்லையைத் திறந்துவிட்டார்கள், வேலை போயிற்று. சந்தேகம் மட்டும் போகவில்லை. மூடிய பைகளை ஒன்றும் கேட்காமல் தூக்கிக்கொண்டு போவது அவருக்கு இன்றுவரை தண்டனைதான். பெல்ஜியம்காரர் பையில் ரொட்டி இருக்கிறது, நம் ஊர் ரொட்டி மேல் நம்பிக்கை இல்லை என்பார். அந்தச் சுவிஸ் பெண் இஸ்திரிப்பெட்டி கொண்டுவந்திருக்கிறாள், யாரைப் பார்க்கப் போகிறாள் என்று கேட்பார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"ரெண்டு பொண்ணுங்களப் பத்தி விசாரிச்சேன், ஃபினா. அதுக்குள்ள அவங்க என்னப் பத்தி விசாரிச்சுட்டாங்க."

பன்யுல்ஸ் ஊருக்கு மேலே, மலைச்சாலை கடைசியாக வளைகிற இடத்தில் அவருக்கு ஒரு திராட்சைத் தோட்டம் இருந்தது. அப்பா விட்டுப் போனது. மேல் பாதி அவருக்கு. கடலைப் பார்த்த கீழ்ப் பாதி அவர் தங்கை எலியானுக்கு. எலியான் பெர்ப்பிஞ்ஞான் நகரத்தில் பல் மருத்துவரைக் கட்டிக்கொண்டு போனவள், கொடியைத் தொட்டதே இல்லை. இரண்டு பாதியையும் உழைத்துக் காப்பாற்றியது கல்த்ரிக்தான். ஆனால் தண்ணீர்த் தொட்டியும் கல் கொட்டகையும் உள்ளே போகிற ஒரே வழியும் கீழ்ப் பாதியில் இருந்தன. அது கைமாறினால் மேல் பாதியில் இருக்கிற கொடிகளுக்கு மருந்தடிக்கக்கூட யாரையாவது கெஞ்ச வேண்டும்.

அந்தச் செப்டம்பரில் எலியான் போன் செய்து, நல்ல ஆள் கிடைத்தால் விற்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து சாலையில் வருகிற ஒவ்வொரு சக்கரத்தையும் கல்த்ரிக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார்.

அந்த வாரக் கூட்டத்தில் பியார்க்கே என்று ஒரு டென்மார்க்காரர் இருந்தார். ஒல்லி, தனி ஆள், அதிகம் பேசமாட்டார். பன்யுல்ஸில் தங்கியிருந்த நாட்களில் எந்தப் பக்கம் சுற்றினாலும் அந்த மேட்டில்தான் ஏறி இறங்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அவர் அந்த வளைவில் இறங்கி, கல் சுவரைத் தொட்டுப் பார்த்தார், கைப்பிடி மண்ணை எடுத்து விரல்களுக்கு இடையில் விட்டார், கடலைப் படம் எடுத்தார்.

"பாத்தியா? மண்ணப் பாக்கறான். எலியான் அனுப்பின ஆளு."

"மூச்சு வாங்குதுய்யா அவருக்கு. நெஞ்சுல பிரச்சினை, யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு என்கிட்ட சொன்னாரு. ஏறி முடிச்சதும் போட்டோ எடுக்கறவங்க பாதிப் பேரு மூச்சு வாங்கறத மறைக்கத்தான் எடுக்கறாங்க."

"அப்படித்தான் சொல்லச் சொல்லி அனுப்பியிருப்பா."

அடுத்த நாள் வேனைக் கொண்டுபோய் வளைவை மறைத்து நிறுத்தினார். பியார்க்கே வேனைச் சுற்றி வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். கல்த்ரிக் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

"இங்க உக்காராதீங்க, பாம்பு."

பியார்க்கே எழுந்தார்.

"காட்டுப்பன்னி வேற. ராவுல வந்து எல்லாத்தையும் தின்னுட்டுப் போயிடும். மண்ணு செத்துப்போச்சு. இந்தச் சுவரு அடுத்த மழைக்கு நிக்காது."

"அழகா இருக்கே," என்றார் பியார்க்கே, பாவம், மூச்சிரைக்க.

கல்த்ரிக் என் பக்கம் திரும்பிக் கண்ணடித்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது. அந்த மனிதருக்கு ஒரு குவளைத் தண்ணீர் கொடுக்கக்கூட அவர் நகரவில்லை, நான்தான் கொடுத்தேன்.

அதே கூட்டத்தில் கோடலீவ் என்று ஓர் அம்மா இருந்தார். பெல்ஜியத்தின் கென்ட் ஊர்க்காரர், ஓய்வு பெற்ற மருந்துக்கடைக்காரர். கணவர் லீவன் சாதுவானவர், மனைவி சொன்ன பக்கம் மிதிப்பார். கோடலீவ் எங்கள் கல்த்ரிக்கின் பெண் வடிவம். விடுதி பில்லை மூன்று தடவை கூட்டிப் பார்ப்பார். குழாய்த் தண்ணீரை முகர்வார். உப்பு நெத்திலியைப் புரட்டிப் பார்த்து, "இது இந்த வருஷத்து மீனா?" என்று கேட்பார். முதல் நாள் காலையில் வேனில் பையை ஏற்றியதும் பூட்டை இழுத்துப் பார்த்தார். கல்த்ரிக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அந்தம்மா விவரமானவங்க," என்றார் என்னிடம். "யாரையும் நம்பறதில்ல."

யாரையும் நம்பாத அந்த அம்மாவை அவர் முழுசாக நம்பினார். மதிய உணவுக்கு வளைவில் நிற்கும்போதெல்லாம் இருவரும் தனியாக உட்கார்ந்து ரொட்டியில் தக்காளியைத் தேய்த்துத் தின்றுகொண்டே உலகத்தைக் கரித்துக்கொட்டினார்கள். விடுதிக்காரர்கள், வங்கிகள், வானிலை அறிக்கை, மின்சார சைக்கிளில் வந்துவிட்டு மிதித்து வந்ததாகச் சொல்கிறவர்கள், ஒருவர் மிச்சமில்லை. கல்த்ரிக்கை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை.

ஒருநாள் கோடலீவ் அந்தத் தோட்டத்தைக் காட்டி, "இது யாரோடது?" என்று கேட்டார்.

கல்த்ரிக் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "யாரோ ஒருத்தரோடது."

தன் சொத்து இது என்று பயணிகளிடம் அவர் எப்போதும் சொன்னதில்லை. சொன்னால் பழம் பறிப்பார்கள், ஒயினைப் பாதி விலைக்குக் கேட்பார்கள், வரி அலுவலகத்தில் போய்ச் சொல்வார்கள் என்பது அவர் கணக்கு. எனக்கும் வாயைத் திறக்கக்கூடாது என்று கண்டிப்பான உத்தரவு.

"சுவர் மழைக்கு நிக்குமா?" என்று கேட்டார் கோடலீவ்.

"நிக்கும். தண்ணி குறுக்கால ஓடி வெளிய போற மாதிரி வாய்க்கா வெட்டியிருக்கு பாருங்க. மலையே சரிஞ்சாலும் இது சரியாது."

"தொட்டி கோடையில வத்திடுமா?"

"எனக்குத் தெரிஞ்சு வத்தினதில்ல, மேடம்."

"வடக்குக் காத்து அடிச்சா அந்தக் கொட்டகை தாங்குமா?"

"உள்ள உக்காந்தா காத்து அடிக்கறதே தெரியாது. வாங்க, காட்டறேன்."

கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். கொட்டகையின் சாவி அவரிடம் எப்படி வந்தது என்று கோடலீவ் கேட்டதற்கு, வேன்காரன் என்பதால் கொடுத்து வைத்திருக்கிறார்கள் என்றார். அப்பா காலத்துப் பீப்பாயிலிருந்து கறுத்த இனிப்பு ஒயினை இரண்டு கோப்பைகளில் ஊற்றினார். நான் வெளியே பியார்க்கேயின் பிரேக்கைச் சரி செய்துகொண்டிருந்தேன். உள்ளே அவர் குரல் கேட்டது. எந்தக் கொடி எப்போது நட்டது, மலைச்சரிவின் எந்தப் படியில் பழம் முதலில் இனிக்கும், சாயங்காலம் எந்தக் கல்லில் உட்கார்ந்தால் கடல் முழுக்கத் தெரியும் என்று ஒரு காதலியைப் பற்றிப் பேசுகிற மாதிரி பேசிக்கொண்டிருந்தார். அத்தனையும் உண்மை.

குளிர்காலத்தில் எலியான் மறுபடி போன் செய்தாள். விற்றாயிற்று, வடக்கே இருந்து யாரோ, வசந்தத்தில் வருவார்கள் என்றாள். பெயரை அவர் கேட்கவில்லை.

"கேட்டா மட்டும் உண்மையச் சொல்லப்போறாளா? அந்த டென்மார்க்காரன்தான். எனக்குத் தெரியும்."

கொடிகளை நறுக்குகிற மாதம் முழுக்க பியார்க்கேயைத் திட்டிக்கொண்டே நறுக்கினார். கீழ்ப் பாதியையும் நறுக்கினார். ஏன்யா என்று கேட்டதற்கு, கொடி என்ன தப்பு செஞ்சுது என்றார்.

ஏப்ரலில் சீசனுக்காக நாங்கள் வண்டிகளைத் தயார் செய்துகொண்டிருந்தபோது கோடலீவும் லீவனும் பட்டறைக்குள் வந்தார்கள். சொந்தச் சைக்கிள்கள், புது டயர் போட வேண்டும் என்றார்கள். கல்த்ரிக்கைப் பார்த்ததும் கோடலீவ் ஓடிவந்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார்.

"உங்களத் தேடித்தான் வந்தோம். அந்தத் தோட்டத்த வாங்கிட்டோம். நேத்து கடைசிக் கையெழுத்தும் போட்டாச்சு."

கல்த்ரிக் கையில் இருந்த பையைக் கீழே வைத்தார்.

"பத்திரம் எழுதற நோட்டரி நல்லதுன்னார், நம்பல. தரகர் நல்லதுன்னார், சுத்தமா நம்பல. விக்கறவங்க எல்லாரும் அப்படித்தானே சொல்வாங்க," என்றார் கோடலீவ். "உங்களுக்கு அதுல ஒரு ஆதாயமும் இல்ல. நீங்க சொன்னதாலதான் வாங்கினோம்."

லீவன் தலையாட்டினார்.

"ஒண்ணுதான் கவலை," என்று கோடலீவ் குரலைத் தாழ்த்தினார். "மேல் பாதி விக்கறவளோட அண்ணனுதாம். சண்டைக்காரன், யாரோடயும் ஒத்துப்போகமாட்டான்னு அவளே சொன்னா. உங்களுக்கு இந்த ஊரு தெரியும். அந்த ஆளு எப்படி?"

நான் கல்த்ரிக்கைப் பார்த்தேன். அவர் உதட்டை நனைத்துக்கொண்டார்.

"மோசமில்ல. யாரையும் நம்பமாட்டான், அவ்வளவுதான்."

"பேரு என்ன?"

"கல்த்ரிக்."

கோடலீவ் சிரிக்கப்போனார். பிறகு கல்த்ரிக்கின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். லீவன் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தன் சைக்கிள் மணியைப் பார்த்தார்.

"அந்த வழி, அந்தத் தொட்டி..."

"ஆமா. அதுதான் எனக்கும் வழி."

"கல்த்ரிக்," என்றார் கோடலீவ் மெல்ல. "என்னோடதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்தப் பக்கமே திரும்பியிருக்க மாட்டேனே."

நான் பம்பை எடுத்து, ஏற்கெனவே நிரம்பியிருந்த டயருக்குக் காற்றடித்தேன்.