தாறுமாறு டீச்சரும் மூன்று சீட்டும்

கல்லூரியில் அவளுக்குத் தாறுமாறு டீச்சர் என்று பெயர். கோடு போட்ட மாதிரி வாழ்கிற மனுஷிக்கு இப்படி ஒரு பட்டம். கணினியால் எதைக் கணக்கிட முடியும், எதை முடியாது என்று ஆராய்கிற கணிதத்தை அவள் நடத்தினாள். அதிலும் அவளுக்குப் பிடித்த பாடம், தாறுமாறு என்றால் என்ன என்பதுதான். பூவா தலையா போட்டு எழுதிய ஒரு வரிசை உண்மையிலேயே தாறுமாறானதா என்று எப்படிச் சொல்வது? அதை அதைவிடச் சுருக்கமாக எழுதிக்காட்ட எந்த நிரலாலும் முடியக் கூடாது என்பாள். எந்தச் சோதனையும் அதில் ஓர் ஒழுங்கைப் பிடிக்கக் கூடாது. அப்புறம், எந்தக் கணக்கை வைத்து அதன்மேல் பந்தயம் கட்டினாலும் கையிருப்பு பெருகிக்கொண்டே போகக் கூடாது. வெவ்வேறு மூலையிலிருந்து வந்த இந்த மூன்று விளக்கமும் கடைசியில் ஒன்றுதான் என்று சொல்லும்போது மட்டும் அவள் முகத்தில் களை வரும். கடைசி பெஞ்சு அப்போதும் தூங்கிக்கொண்டிருக்கும்.

வேறு எதற்கும் அவளிடம் தெம்பு இல்லை. அம்மா போய்விட்டாள். அப்பா படுத்த படுக்கை, பார்வையும் மங்கிவிட்டது. அண்ணன், அவள், தங்கை மூவரில் ஒருவர் வாரம் முழுக்க அவரோடு தங்க வேண்டும். முறை வைத்தபோது ஆளுக்கொரு சாக்குச் சொன்னார்கள். அதனால் குலுக்கல் வந்தது. அவரவர் பேரை அவரவரே எழுதி மடித்து பிஸ்கட் டப்பாவில் போட, ஞாயிறு சாயங்காலம் அப்பா கையை விட்டு ஒன்றை எடுப்பார். கண் தெரியாதவர் எடுத்தால் யாரும் வாய் திறக்க முடியாது என்பது அண்ணனின் கண்டுபிடிப்பு.

வாய் திறக்க முடியாமல் போனது அவளுக்குத்தான். பெரும்பாலான வாரம் அவள் பேரே வந்தது. போர்வை மாற்றி, துடைத்துவிட்டு, மாத்திரை கொடுத்து, ஓட்டமும் நடையுமாக வகுப்புக்குப் போய் நின்றாள்.

"திரும்பவும் நானா?"

"சீட்டு சொல்லுது, நான் என்ன பண்றது?" என்றான் அண்ணன். "ஒரே பேரு அடுத்தடுத்து வந்தாலும் அது சகஜம்னு நீதானே சொல்லிக் குடுக்கற?"

உண்மைதான். சொந்தப் பாடமே எதிர்க்கட்சிக்குப் போய்விட்டது.

அடுத்து யார் பேர் வரும் என்று வேண்டாவெறுப்பாக மனசுக்குள் பந்தயம் கட்ட ஆரம்பித்தாள், கற்பனைக் காசில். முதலில் எல்லாம் தோற்றாள். பிறகு ஒன்று கண்ணில் பட்டது. அவள் இருமிக்கொண்டே வந்த ஞாயிறு, தங்கை பேர் வந்தது. விடைத்தாள் கட்டோடு வந்து பெருமூச்சு விட்ட ஞாயிறு, அண்ணன் பேர். அவள் கொஞ்சம் தெம்பாக வந்தால் அவள் பேர். அந்த விதியை வைத்துக் கட்டினாள். கையிருப்பு கிடுகிடுவென்று ஏறி, கற்பனையிலேயே கோடீஸ்வரி ஆனாள். ஒரே வாக்கியத்தில் அடங்கிவிடுகிற வரிசை எப்படித் தாறுமாறாக இருக்கும்?

அடுத்த ஞாயிறு டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தாள். அண்ணன் சீட்டை இரண்டாக மடிப்பான், அதோடு சரி. தங்கை சுருட்டிப் போடுவாள். இவள் எதையும் பொடிசாக, இறுக்கி மடிக்கிறவள். அப்பாவின் விரல்கள் மற்ற இரண்டையும் தடவிப் பார்த்து விட்டுவிட்டு, பொடிசை எடுத்தன. வருஷக்கணக்காக இதையே பாடம் நடத்தியவளுக்கு, மடிப்பை வைத்தே ஆளைக் கண்டுபிடிக்கலாம் என்று இதுவரை தோன்றவில்லை!

கோபம் பொங்கியது. நீயே இரு என்று அப்பா வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. கூடவே, களைத்து வந்த அன்றெல்லாம் தன்னை விட்டுவைத்தாரே என்று பாசமும் வந்தது. இரண்டாலும் முதுகுவலி குறையவில்லை.

அந்தச் சமயத்தில்தான் வெளியூர்ப் பல்கலைக்கழகத்திலிருந்து அழைப்பு வந்தது. ஒரு வாரம் முழுக்க அந்தப் பாடத்தை மட்டும் பேச வேண்டும். தூங்காத ஆட்கள் உட்கார்ந்து கேட்பார்கள். இத்தனை வருஷத்தில் அவளை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

"சீட்டுல யார் பேரு வருதுன்னு பாப்போம்" என்றாள் தங்கை.

இருமிக் காட்டியிருந்தால் போதும். அப்பாவிடம் நடிக்க அவளுக்கு மனசு வரவில்லை. பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு, அந்த ஞாயிறு மூன்று சீட்டையும் தானே வாங்கி ஒரே மாதிரி மடித்துப் போட்டாள்.

அப்பா கையை விட்டார். விரல்கள் ஒவ்வொன்றாகத் தடவின. சுற்றிவந்து மறுபடி தடவின. அவர் நெற்றி சுருங்கியது.

"உன் சீட்டைப் போடலையாம்மா?"

அண்ணன் அவளைப் பார்த்தான். தங்கை டப்பாவைப் பார்த்தாள்.

"போட்டிருக்கேன்ப்பா. எடுங்க."

அவர் தேடுவதை விட்டுவிட்டார். கையில் பட்டதை எடுத்து நீட்டினார். அண்ணன் பிரித்து, ஒரு வரி படிக்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டான்.

"உன் பேர்தான்" என்றான் அவளிடம்.

அப்பா அவள் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். "இத நான் தேடி எடுக்கலம்மா. சத்தியமா, தானா வந்தது."

ஒரே ஒரு சீட்டை வைத்து யாரும் எதையும் நிரூபிக்க முடியாது. ஆனாலும் அப்பா சொன்னதை அவள் நம்பினாள். நீ போ, நான் இருக்கேன் என்று மற்ற இரண்டு பேரில் ஒருவராவது சொல்வார்களா என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து, துணிகளை எடுத்து வெளியே வைத்தாள்.