அப்பாவின் சீட்டு

பாஸ் என்றால் இங்கிலீசில் கடந்து போவது என்று பேரன் சொல்கிறான். காலேஜில் படிக்கிறான். அந்தச் சொல் பிறந்த பழைய பாஷையில் ஓர் எட்டு எடுத்து வைப்பது என்று அர்த்தமாம். பரீட்சையில் தேறினாலும் பாஸ், பஸ்ஸுக்கு வாங்கும் அட்டையும் பாஸ் என்றான். கேட்டுக்கொண்டேன். எனக்குத் தெரிந்த பாஸ் வேறு.

வெள்ளைக்காரன் காலம். நாகமலைக்கு மேற்கே எங்கள் ஊர். எங்கள் ஆட்களைத் திருட்டுச் சாதி என்று எழுதி வைத்து, ஆம்பிளைகள் அத்தனை பேரின் பத்து விரல் ரேகையையும் எடுத்திருந்தார்கள். பொழுது சாய்ந்தால் சாவடியில் ஆஜர் கொடுத்து அங்கேயே படுக்க வேண்டும். வெளியூர் போய்த் தங்க பாஸ் வேண்டும். எங்கள் பேச்சில் அது சீட்டு. போன ஊரில் முதல் வேலையாகக் கிராம முன்சீப்பிடம் அதைக் காட்டிக் கையெழுத்து வாங்கி, திரும்பியதும் எங்கள் சாவடியில் கொடுக்க வேண்டும். சீட்டு இல்லாமல் பிடிபட்டால் ஜெயில்.

எனக்கு எட்டு வயது இருக்கும். அக்காவை அழகர்கோவில் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தது. தலைப்பிரசவம். அம்மா முன்னாலேயே போய்விட்டாள். மூன்று நாளாக வலி, பிள்ளை வரவில்லை என்று ஆள் வந்து சொன்னான். அப்பா ஒரு ராத்திரிக்குச் சீட்டு வாங்கி, என்னையும் கூட்டிக்கொண்டு விடியலில் கிளம்பினார். வைகையை மிதித்துக் கடந்து, மத்தியானம் போய்ச் சேர்ந்தோம்.

அக்கா வீடு தெரு முனையில். உள்ளே அவள் கத்துவது கேட்டது. எதிரே வேப்பமரத்தடியில் அந்த ஊர்த் தலையாரி கம்போடு உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்பாவின் கால் நின்றது. பிறகு நடந்தது.

"நீ உள்ள போ தாயி. இந்தா வாரேன்."

நான் போனேன். அக்கா என் கையைப் பிடித்தாள்.

"அப்பா எங்கடி?"

"வாசலத் தாண்டிப் போயிட்டாரு."

"கையெழுத்து வாங்கப் போயிருப்பாரு. வந்துருவாரு."

முன்சீப் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தாராம். எழுப்பக் கூடாது. அப்பா வெயிலில் நின்றிருக்கிறார். அவர் வந்தபோது அம்மா மார்பில் அடித்துக்கொண்டிருந்தாள். பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. அக்காவும்.

அப்பா சீட்டைக் கையில் பிடித்தபடியே வந்தார். மை காயவில்லை.

"பத்திரமா வச்சுக்க" என்று என்னிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கையாலும் அக்கா முகத்தைப் பிடித்தார்.

முற்றத்தில் வெந்நீர் அடுப்பு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. சீட்டை அதில் போட்டேன். அவரை அக்காவிடம் வரவிடாமல் வைத்தது அந்தக் காகிதம். சுருண்டு கருகும் வரை பார்த்தேன்.

அன்றைக்கே அடக்கம் முடிந்தது. மறுநாள் கிளம்பும்போது கேட்டார்.

"சீட்டு எங்க தாயி?"

அடுப்பைக் காட்டினேன். சாம்பலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அடிக்கவில்லை.

"ஒருத்தருகிட்டயும் சொல்லாத."

முன்சீப் வீட்டுக்குத் திரும்பவும் போய்க் கேட்டார். வேறு சீட்டு எழுதித் தரமுடியாது என்று அனுப்பிவிட்டார்கள்.

எங்கள் ஊர்ச் சாவடியில் போலீஸ்காரர் கை நீட்டினார்.

"பாஸ் எங்கடா?"

"ஆத்துல எறங்கயில தண்ணியில போயிருச்சு, சாமி."

"ஆத்துல கணுக்கால் தண்ணி இல்ல. ஒஞ்சீட்டு மட்டும் முங்கிப் போச்சாக்கும்? எந்த ஊருல கன்னம் வச்சுத் திருடின?"

சுற்றி நின்ற எங்கள் ஆட்களே சிரித்தார்கள். சிரிக்காவிட்டால் அவர்களுக்கும் அடி. அப்பா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கையில் விலங்கு மாட்டி, மதுரைக்குப் போகும் ரோட்டில் நடத்திக் கூட்டிப் போனார்கள்.

ஆறு மாசம் கழித்து, தலையை மொட்டையடித்து அனுப்பினார்கள். கடைசிவரை எல்லோரிடமும் ஆற்றில் போனதாகவே சொன்னார். அம்மாவிடமும்.

அன்றைக்கு அவர் விலங்கோடு ரோட்டில் போவதைச் சாவடி ஓரம் நின்று பார்த்தேன். நான் எரித்ததை அப்பா மறந்துவிட்டார் என்று நினைத்தேன். அடிக்குத் தப்பினேன் என்று வீட்டுக்கு ஓடினேன்.