தலையணையைப் பறிக்கும் மிஸ்

ரொஷேல் வீட்டில் மின்விசிறி போட விடமாட்டாள். கணவன் ரெனால்டுக்கு அவள்மேல் உள்ள ஒரே குறை அதுதான். கொழும்பின் கொட்டாஞ்சேனைப் புழுக்கத்தில் மனிதன் வெந்துகொண்டிருக்க, இவள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, "குளிருது, நிப்பாட்டுங்க" என்பாள். அவள் தாதியாக வேலை செய்வது ஆஸ்பத்திரியின் தீக்காய வாட்டில். தோல் போன உடம்பில் சூடு தங்காது என்பதால் அந்த வாட்டைக் கதகதப்பாகவே வைத்திருப்பார்கள். அந்தச் சூட்டிலேயே பாதி நாளைக் கழித்துக் கழித்து அவளுக்கு ஊர்க்காற்றே குளிர்காற்றாகிவிட்டது.

அவள் பக்கத்துக் கொச்சிக்கடையில் பிறந்தவள். தகப்பன் துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர். பயிற்சி முடித்து முதன்முதலாக அந்த வாட்டுக்குப் போடப்பட்டபோது அழுதுகொண்டுதான் போனாள். போன கையோடு இடமாற்றமும் கேட்டாள். அது கிடைத்த நேரம் பார்த்து முகத்துவாரத்து மீன்காரப் பெண் ஒருத்தியின் வெந்து விறைத்துப்போயிருந்த விரல்கள் கொஞ்சம் கொஞ்சமாக மடங்கத் தொடங்கியிருந்தன. அந்தப் பெண் தேத்தண்ணிக் கோப்பையைத் தானாகப் பிடிக்கும்வரை இருந்துவிட்டுப் போவோம் என்று நினைத்தாள். போகவேயில்லை.

நாகேந்திரம் வந்து சேர்ந்தது போன மாரிகாலத்தில். வெள்ளவத்தையில், காலி வீதி என்னும் பெருந்தெருவிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில் வடைக்கடை வைத்திருந்த யாழ்ப்பாணத்து மனிதர். வடை பொரிக்கும் எண்ணெய்த் தாச்சி சரிந்து கழுத்தும் நெஞ்சும் வலது கையும் வெந்துபோயின. பக்கத்துக் கடைக்காரர்கள் பதறிப்போய்ப் பற்பசையை அள்ளிப் பூசியிருந்தார்கள். காயத்தைக் கழுவி அதை எடுக்கும்போது ரொஷேல் யாரையும் திட்டவில்லை. வாசலில் அழுதுகொண்டு நின்ற அவருடைய மனைவி இரத்தினம்மாவிடம் மட்டும் சொன்னாள்.

"அன்ரி, இனி ஆருக்காவது சுட்டால் குழாயைத் திறந்து தண்ணிக்குக் கீழ பிடிங்க. நல்லாச் சூடு ஆறுமட்டும் பிடிங்க. ஐஸ் வேணாம், பேஸ்ட் வேணாம். தண்ணிதான்."

அடுத்த நாளே நாகேந்திரத்துக்கும் அவளுக்கும் சண்டை மூண்டது. அவர் தலையணையை இரண்டாக மடித்து, முகவாய் நெஞ்சில் முட்டப் படுத்திருந்தார். அப்படிப் படுத்தால் நோவு குறைவு. ரொஷேல் தலையணையை உருவி எடுத்து, தோளுக்குக் கீழே ஒரு துவாய்ச் சுருளை வைத்தாள். கழுத்து நிமிர்ந்தது. அவர் அலறினார்.

"மனுசத்தன்மை இருக்கே உமக்கு? கொண்டாரும் தலாணியை!"

"தர மாட்டன், அங்கிள். சுகமாக் கிடக்குதெண்டு இப்பிடியே படுத்தா, காயம் ஆறேக்க தோல் சுருங்கி நாடி நெஞ்சோட ஒட்டிப்போகும். பிறகு வானத்தைப் பார்க்க ஏலாது."

"எனக்கு வானத்தில என்ன வேலை?"

"பஸ் நம்பர் பார்க்க வேணாமா?"

அன்று முதல் அவள் முகத்தைக் கண்டால் போதும், வசவு தொடங்கிவிடும். தலாணிக் கள்ளி, கல்நெஞ்சுக்காரி, பொலிஸில் சேர்ந்திருக்க வேண்டியவள். கட்டு மாற்றும் நாளில் முன்கூட்டியே நோவு மருந்து கொடுத்து, நோவு அடங்கும்வரை பக்கத்தில் நின்று அந்த வசவையெல்லாம் கேட்பாள். கையை உடம்போடு ஒட்டவிடாமல் அகட்டி வைப்பாள். புதுத்தோல் வளர உடம்புக்குப் புரதம் வேண்டும். மனிதரோ சுத்த சைவம், முட்டை என்ற பேச்சையே எடுக்கவிடமாட்டார். அவளும் இரத்தினம்மாவும் கூடிக் கதைத்துப் பயறும் உளுத்தங்களியும் தயிரும் சோயாவுமாக அவரை நிரப்பினார்கள். களியை வழித்துத் தின்றுகொண்டே, "இது சாப்பாடே?" என்பார்.

ஒருநாள் காலை ரொஷேல் கட்டிலடிக்கு வந்து சுருளைச் சரிசெய்தாள். அவர் கண்ணை மூடியபடி கிடந்தார்.

"அங்கிள், இண்டைக்கு ஏச்சு இல்லையா?"

அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். "கடை திறக்கவேணும்... ஆர் நீங்கள்?" என்றார்.

 அவள் அவர் கையைத் தொட்டாள், சில்லிட்டிருந்தது. நாடித்துடிப்பு ஓடிய ஓட்டம் விரலுக்குத் தெரிந்தது. மூச்சு மேலும் கீழும் வாங்கியது. சிறுநீர் சேரும் சலப்பையில் நேற்றைய அளவில் பாதிகூட இல்லை. காய்ச்சல் இல்லையே என்று அவள் ஆறுதல்படவில்லை. பெரிய தீக்காயத்தில் கிருமி இரத்தத்தில் இறங்கினால் உடம்பு கொதிக்கவும் செய்யும், குளிர்ந்தும் போகும் என்பது அவளுக்குத் தெரியும். உடனே டொக்டரைக் கூப்பிட்டாள். அவரும் தாமதிக்கவில்லை. இரத்தம் எடுத்தார்கள், சேலைன் ஏற்றினார்கள், மருந்து தொடங்கினார்கள்.

அன்று வேலை முடிந்தும் ரொஷேல் வீட்டுக்குப் போகவில்லை. இரத்தினம்மாவோடு வாட்டு வாசல் மரவாங்கில் உட்கார்ந்திருந்தாள். ஒருத்தி முருகனைக் கூப்பிட, மற்றவள் அந்தோனியாரைக் கூப்பிட்டாள். நாட்கள் இழுபட்டன. பிறகு ஒரு காலை அவர் தெளிவான குரலில் கேட்டார்:

"எங்கை அந்தக் கல்நெஞ்சுக்காரி?"

ரொஷேல் மருந்து அறைக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். பிடித்துக்கொண்டது. வீட்டுக்குப் போகுமுன் கண்ணாடி கேட்டார். அவள் சும்மா நீட்டிவிடவில்லை. "சிவப்பாத் தெரியும், மேடும் பள்ளமுமா இருக்கும். போகப் போகக் குறையும், முழுக்கப் போகாது" என்று சொல்லிவிட்டுத்தான் கொடுத்தாள். அவர் நெடுநேரம் பார்த்தார். கண்ணாடியை அவர் தானாகக் கீழே வைக்கும்வரை அவள் கூடவே நின்றாள்.

காயம் ஆறியது, பயம் ஆறவில்லை. கிளினிக்குக்கு வந்த இரத்தினம்மா தனியாக இழுத்துச் சொன்னாள்: "பிள்ளை, நான் தாச்சி வைச்சால் அவர் றோட்டுக்குப் போயிடுறார். எண்ணெய் பொரியிற சத்தம் கேட்டாலே காதைப் பொத்துறார்."

"அதுவும் சுட்ட காயம்தான், அன்ரி. அதுக்கும் ஆள் இருக்கு" என்று மனநல டொக்டரிடம் அவளே கூட்டிப்போய் விட்டாள்.

கொஞ்சக் காலம் கழித்து, ஒரு லீவு நாளில் ரெனால்டையும் அழைத்துக்கொண்டு அந்த ஒழுங்கைக்குப் போனாள். அடுப்பைச் சுவரோரமாக, ஆட்டம் இல்லாத சிமெந்துத் திட்டின்மேல் புதிதாக வைத்திருந்தார்கள். நாகேந்திரம் பருத்திச் சட்டையோடு அதற்கு முன்னால் நின்றார். நெற்றியெல்லாம் வியர்வை. இரத்தினம்மா அவர் முதுகில் கை வைத்திருந்தாள்.

"அவசரம் இல்ல, அங்கிள்," என்றாள் ரொஷேல். "நாங்க பசியோடதான் வந்தம், ஆனா நிப்பம்."

அவர் நீண்ட பிடி அகப்பையில் ஒரு வடையை வைத்து, மெல்லத் தாழ்த்தி எண்ணெயில் வழுக்கவிட்டார். அது சீறியது. பின்வாங்கினார், ஆனால் போகவில்லை. திரும்ப வந்து அதைப் புரட்டினார். பிறகு அடுத்ததை இறக்கினார், அதற்கடுத்ததையும். ரெனால்ட் மூன்று தின்றான். மிச்சத்தை இரத்தினம்மா கடுதாசியில் சுற்றிக் கொடுக்க, இருவரும் காலி வீதிக்கு ஏறி, கொட்டாஞ்சேனை பஸ்ஸுக்காக நின்றார்கள்.