பச்சை டிக்

அந்தப் பச்சை டிக்கைப் போட்டது நான்தான். என் கணவர் அல்ல. இதை உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

அரைகுறையாகச் சொல்லிப் பழக்கமில்லை எனக்கு. இருபத்து மூன்று ஆண்டுகளாக நாள் தவறாமல் டைரி எழுதுகிறவள் நான். பால் வந்த நேரம்கூட அதில் இருக்கும்.

என் கணவர் பழனிசாமி கணபதிப் பகுதியில் ஒரு பட்டறையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டுபவர். சென்ற ஆண்டு அவிநாசி சாலையில் வண்டி சறுக்கித் தலையில் அடி. பிழைத்துவிட்டார். பழையதெல்லாம் நினைவிருந்தது, காயில் கட்டும் கையும் மறக்கவில்லை. நேற்று நடந்ததுதான் நிற்காது, சில சமயம் சற்றுமுன் நடந்ததும்.

தினமும் காலையில் காப்பியோடு என் எதிரில் வந்து உட்காருவார். "நேத்து என்னாச்சு அம்மணி?" என்பார். நான் டைரியைப் படிப்பேன். கல்யாணமான நாளிலிருந்து என் பேச்சை அவர் அப்படிக் கேட்டதே இல்லை! அவருடைய நேற்று முழுவதும் என் கையெழுத்தில் இருந்தது... நான் மகிழ்ச்சியாக இருந்தேன். அடிபட்ட மனிதரை வைத்துக்கொண்டு மகிழ்ச்சியா என்று கேட்பீர்கள். ஆம், மகிழ்ச்சிதான்.

பிறகு அந்த ஆப் வந்தது. அவருக்கு நினைவுப் பயிற்சி கொடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து வரும் பெண் அவருடைய போனில் போட்டுக்கொடுத்தாள். செய்ய வேண்டியதை நேரத்துக்கு நேரம் அவள் குரலிலேயே சொல்லும். செய்து முடித்து அந்த வரியைத் தொட்டால் பச்சை டிக் விழும், அதன்பின் கூப்பிடாது. மாத்திரை போட்டாயிற்றா என்று அது கேட்க, "போட்டாச்சுங்க கண்ணு" என்பார் இவர். போனிடம்! காப்பியையும் அதைப் பார்த்துக்கொண்டே குடித்தார். என் டைரி மூடியபடி கிடந்தது.

ஒரு போன்மீது பொறாமைப்பட முடியுமா? முடிந்ததே...

பட்டறை முதலாளி ஒரு திங்கட்கிழமை பத்து மணிக்கு அவரை வரச் சொன்னார். அரை நாள் வேலை பார்க்கட்டும், சரிப்பட்டால் தொடரலாம் என்றார். இவர் அன்றே சட்டையைத் தேய்க்கக் கொடுத்தார். முந்தின வாரம் மூன்று நாள் பஸ்ஸில் போய்ப் பழகினோம். நான் கூடப் போகலாம், பேசக்கூடாது என்பது அந்தப் பெண்ணின் கட்டளை. மூன்றாம் நாள், போன் சொன்ன நிறுத்தத்தில் சரியாக இறங்கிப் பட்டறைப் பக்கம் நடந்தார். முன்வாசல் வழியாக இறங்கி நான் நின்றிருந்தேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை. எட்டு மணி பத்து நிமிடம். அவர் குளிக்கப் போனார். போன் மேசைமேல் இருந்தது. 'பட்டறைக்குப் போய் வருவது' என்ற வரியைத் தொட்டேன். பச்சையாயிற்று. அவ்வளவுதான்... ஒரு நொடி!

பட்டறையிலிருந்து வந்ததும் குளிப்பது அவருடைய முப்பது வருடப் பழக்கம். ஈரத்தலையோடு வந்தவர் போனைப் பார்த்தார். தேய்த்த சட்டையைக் கையில் எடுத்தவர் மறுபடி கொக்கியில் மாட்டினார்.

"வேலைக்குப் போயிட்டு வந்துட்டேனாட்ட இருக்குது அம்மணி. அதான் குளிச்சிருக்கறேன்."

அவர் முகத்தில் எவ்வளவு நிறைவு! அப்போதுகூட நான் வாயைத் திறக்கவில்லை.

பத்தரைக்கு முதலாளி அழைத்தார். வந்துவிட்டுத்தானே போனேன் என்று இவர் அவரிடமே சாதித்தார். பிறகு போன் என் கைக்கு வந்தது. அவருக்கு இன்னும் சரியாகவில்லை என்றேன். "அவசரமில்லைங்க, ஆகட்டும் பாக்கலாங்க" என்றார் முதலாளி. எங்கள் ஊரில் கதவைச் சாத்துவதும் மரியாதையாகத்தான். அதன்பின் அவர் கூப்பிடவே இல்லை.

"டிக் போட்டது நானா அம்மணி?"

"நீங்கதானுங்க. வேற யாரு போடுவாங்க?"

அன்று மாலை டைரியில் எழுதினேன்: 'போகாமலே போனதாக டிக் போட்டுவிட்டார்.' இருபத்து மூன்று ஆண்டுகளில் நான் எழுதிய ஒரே பொய். மறுநாள் காலை அதைப் படித்துக் காட்டினேன். இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். பிறகு அந்தப் பக்கத்தின் முனையை மடித்து வைத்துவிட்டு, போனைக் கொண்டுபோய் பீரோவுக்குள் வைத்தார். பயிற்சிப் பெண் வந்து கேட்டபோது, மடித்த பக்கத்தை அவளுக்குக் காட்டினார். "போன்மேல தப்பில்லைங்க கண்ணு. என்னையத்தான் நம்ப முடியல."

இப்போது காப்பியோடு என் எதிரில் வந்து உட்காருகிறார். நான் கேட்டது கிடைத்துவிட்டது.

அவரிடம் உண்மையைச் சொல்லிவிடலாமே என்பீர்கள். சொன்னால் மறுநாள் மறந்துவிடுவார். டைரியில் திருத்தி எழுதினால்தான் அது நிற்கும். பேனா என் கையிலேயே இருக்கிறது... திருத்தினால் பீரோவைத் திறப்பார். அதனால்தானா இன்னும் எழுதாமல் இருக்கிறேன்? அதனால்தான்.

தினமும் மடித்த முனை அவர் கண்ணில் பட்டுவிடுகிறது. அது என்ன பக்கம் என்று கேட்கிறார். படிக்கிறேன். ஒவ்வொரு நாளும் அதை முதல் முறையாகக் கேட்டு, தலை குனிந்துகொள்கிறார்.

இன்று காலையும் படித்தேன்.