நாகபூஷணம் இறந்த பிறகு விற்ற மனை

சித்தூரில் ஒரு பதிவு அலுவலகத்துக்கு எதிர்ச்சாரியில் பிரமிளாவின் ஜெராக்ஸ் கடை இருக்கிறது. கடை என்று சொன்னால் பெருமை. இரண்டு மாடிக் கட்டடங்களுக்கு நடுவே மிச்சப்பட்ட சந்தில் ஒரு மிஷின், ஒரு ஸ்டூல், தலைக்கு மேல் தகரம். புத்தூர்ப் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பெண். ஒன்பதாவது வரை தெலுங்கில் படித்தாள், வீட்டில் தமிழ் பேசினாள், மிஷின் வாங்கிய பிறகு இங்கிலீஷ் எழுத்தையும் வசப்படுத்திக்கொண்டாள். லாரியோடு போன புருஷன் திரும்பி வரவில்லை. பதினேழு வருஷமாக இந்த வட்டாரத்தில் கைமாறிய மண்ணில் பெரும்பகுதி, காகித வடிவில், அவள் கை வழியாகத்தான் போயிருக்கிறது.

அவளிடம் ஒரு வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தவர் கன்னையா. பாகாலா ஜங்ஷனில் தண்டவாளம் சோதிக்கும் கீமேனாக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் ஆறு கிலோமீட்டர் நடந்து, ஒவ்வொரு இணைப்பையும் சுத்தியலால் தட்டிப் பார்த்து, சத்தம் சரியில்லை என்றால் ரயிலையே நிறுத்தியவர். அப்படிப்பட்டவர் புத்தலப்பட்டு ரோட்டில் மனை பார்க்கப் போன அன்று எதையும் தட்டிப் பார்க்கவில்லை. காரணம் லட்டு. பேச்சு முடிந்ததும் புரோக்கர் சந்துரு திருமலைப் பிரசாதத்தை எடுத்து அவருடைய இரண்டு கையிலும் வைத்தான்.

"சாமி சாட்சி மாமா. பேப்பரெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

இந்தப் பக்கத்தில் அது ஒரு முத்திரை. பிரசாதம் வாங்கிய கையை நீட்டிப் பத்திரம் கேட்டால் சாமியையே சந்தேகப்பட்ட மாதிரி. ஏமாற்றுகிறவனுக்கு இதைவிட வசதியான சட்டத்தை எந்த அரசாங்கமும் இயற்றித் தந்ததில்லை. வாஸ்துக்காரர் வந்து ஈசானிய மூலையைப் பார்த்தார். ஜோசியர் வெள்ளிக்கிழமை பதினொன்றரை மணிக்குப் பதியச் சொன்னார். பெங்களூரிலிருந்து மகன் யஸ்வந்த் போனில் நச்சரித்த பிறகுதான் கன்னையா வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. நிலம் நாகபூஷணம் என்பவருடையது. தன் சார்பில் விற்கும் அதிகாரத்தை அவர் பவர் பத்திரம் மூலம் சந்துருவின் ரியல் எஸ்டேட் கம்பெனிக்குக் கொடுத்திருக்கிறார். அடமானம் இல்லை, வேறு பதிவு இல்லை.

ரயில்வே குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு வாடகை வீட்டில் இருக்கிறார்கள் அவரும் மனைவி ரத்தினம்மாவும். முப்பத்திநாலு வருஷத்து வெயில் மொத்தமும் பேங்க் டி.டி.யாக மாறி அவர் சட்டைப் பையில் இருந்தது. அது போனால் பின்னால் வேறொன்றும் கிடையாது.

அந்த வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குச் சந்துரு அவரைப் பிரமிளாவின் கடைக்குக் கூட்டிவந்து கத்தையை நீட்டினான். "அக்கா, எல்லாம் ரெண்டு செட்டு. நேரம் போவுது."

அவள் ஒவ்வொரு தாளாகக் கண்ணாடியில் வைத்தாள். பவர் பத்திரத்தில் போட்டோவும் கைரேகையும் இருந்த பக்கம் வந்ததும் கை நின்றது.

"இவரு புத்தலப்பட்டு நாகபூஷணம்தானே?"

"ஆமாக்கா. நீ காப்பி எடு."

"இப்போ எங்க கீறாரு?"

"பெங்களூர்ல கீறாரு. உடம்பு சரியில்ல. உனக்கெதுக்கு அந்தக் கதை?"

பிரமிளா மிஷினை நிறுத்தினாள். சந்துருவைப் பார்க்காமல் கன்னையாவிடம் சொன்னாள். "அண்ணா, இந்த மனுசன் போன ஆடியில செத்துட்டாரு. டெத் சர்ட்டிபிகேட்ட அவர் பொண்ணு இங்கதான் இருபது காப்பி எடுத்துக்கினு போச்சு. பவர் குடுத்தவரு செத்தா பவரும் அன்னிக்கே செத்துச்சு. இத வச்சி உனுக்கு எவனும் விக்க முடியாது."

சந்துரு சிரித்தான். "அக்காவுக்கு வெயில் தலைக்கேறிடிச்சி மாமா. எவனோ ஒரு நாகபூஷணம்."

"ஆதாரும் அன்னிக்கு நான்தான் காப்பி எடுத்தேன். இதே மூஞ்சி. புருவத்து மேல இதே தழும்பு."

"உன் கடைக்கு வர்ற காகிதத்துல பாதி நாங்க அனுப்புறது. ஞாபகம் கீதா?"

"ஞாபகம் கீறதாலதான் சொல்றேன். அவருக்குப் போன் போடு. ஒரு தபா 'அலோ'ன்னு சொல்லட்டும், வருஷம் பூரா உனுக்கு ஓசியில காப்பி எடுத்துத் தர்றேன்."

கன்னையா தன் உள்ளங்கையைப் பார்த்தார். பிரசாதம் வாங்கிய கை. குறித்த நேரம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் வாய் திறந்தார்.

"போடுப்பா போனை. சாமி சாட்சின்னியே, மனுச சாட்சியும் ஒண்ணு இருக்கட்டும்."

சந்துரு சிக்னல் இல்லை என்று சொல்லிக்கொண்டே, போனைக் காதில் வைத்தபடி ரோட்டுக்கு இறங்கினான். அப்படியே நடந்தான். பிறகு பைக் கிளம்பும் சத்தம் கேட்டது.

கன்னையா பிரமிளாவையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு அலுவலகத்து ஏட்டில் நாகபூஷணம் இறந்துவிட்டார். இன்னொரு அலுவலகத்துக் கம்ப்யூட்டரில் உயிரோடு இருக்கிறார், மனை விற்றுக்கொண்டிருக்கிறார். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது யாருடைய வேலையும் இல்லை. கட்டணம் வாங்கிக்கொண்டு முத்திரை குத்துவதோடு அரசாங்கத்தின் கடமை முடிந்துவிடுகிறது. அதற்கப்புறம் ஏமாந்தவன் கோர்ட்டுப் படியேறிச் சாகட்டும். அந்த இரண்டு ஏடுகளும் சந்தித்துக்கொண்ட ஒரே இடம் ஒன்பதாவது படித்த இந்தப் பெண்ணின் தலை.

"லட்சம் காகிதம் பாத்திருப்பியே, எப்பிடிம்மா இது ஒண்ணு ஞாபகம் வந்துது?"

"அந்தப் பொண்ணு ஒவ்வொரு காப்பியும் வெளிய வர வர, நைனா பேரு சரியா விழுந்துகீதான்னு விரல வச்சிப் பாத்துது. இருபதுக்கும். எப்பிடி மறக்கும்ணா?"

கன்னையா எதிரே இருந்த பதிவு அலுவலகத்தைத் திரும்பிப் பார்த்தார். "உள்ள பெஞ்சில இதே லேஅவுட்டுக்கு இன்னும் நாலு குடும்பம் உக்காந்துகினு கீது."

பிரமிளா ஸ்டூலை விட்டு எழுந்தாள். கடையை அப்படியே போட்டுவிட்டு ரோட்டைக் கடந்தாள். பெஞ்சின் முன்னால் நின்று, நடந்ததைத் தெலுங்கில் ஒரு முறையும் தமிழில் ஒரு முறையும் சொன்னாள். குரல் உயரவில்லை. அவர்களில் கோபிகிருஷ்ணன் என்ற வாத்தியார் ஒருவர் முகம் சுளித்தார்.

"நல்ல நேரத்துல சாவுப் பேச்சு எதுக்கும்மா?"

"சரி சார். நல்ல நேரத்துலயே கேளுங்க, வித்தவரு உயிரோட கீறாரான்னு."

யாரோ சிரித்துவிட்டார்கள். மூன்று குடும்பம் எழுந்து பையைத் தூக்கிக்கொண்டது. வாத்தியார் அசையவில்லை. பதினொன்றரைக்கு அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். கம்பெனி சார்பில் கையெழுத்துப் போட வேண்டிய ஆளையும் கூப்பிட்டார்கள். மூன்று தரம் கூப்பிட்டார்கள். ஆள் வரவில்லை. வாத்தியார் ஜன்னலோரம் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். பிரமிளா தன் மிஷினுக்குத் திரும்பிப் போயிருந்தாள்.

கன்னையா அலுவலகத்து மரத்தடியில் நின்று வீட்டுக்குப் போன் போட்டார்.

"மனை வாங்கல."

"ஏன்?" என்றாள் ரத்தினம்மா.

"வித்தவரு செத்துட்டாரு."

"அடப்பாவமே. எப்போ?"

"போன ஆடியில."

ரத்தினம்மா நேராகப் பணத்துக்கு வந்தாள்.

"டி.டி.?"

"பையில கீது. ஜெராக்ஸ் கடைக்காரம்மா ஒண்ணு தடுத்துச்சு. பொழப்பு போனாலும் பரவால்லன்னு அந்தச் சந்துரு மூஞ்சிக்கு நேரா சொல்லிச்சு. நான் இந்த மாதிரி ஒரு மனுசிய பாத்ததில்ல."

"அது பேரு என்னா?"

கன்னையா கேட்டிருக்கவில்லை. போனை வைக்காமலே ரோட்டைக் கடந்தார்.